செல்லப்பாவை எங்கே வைத்தாய்?

அன்புள்ள தம்பி,

உன் நூலகத்துப் புத்தகங்களைக் கைப்பேசியில் தேடும்படி செய்து அனுப்பியிருந்தாய். நேற்று ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக 'சி.சு. செல்லப்பா' என்று தட்டினேன். 1912-இல் சின்னமனூரில் பிறந்த எழுத்தாளரை நம் பள்ளத்தாக்கிலேயே தேடாவிட்டால் எப்படி? 'வாடிவாசல்' மட்டும் வந்தது. இடைவெளி விடாமல் 'சி.சு.செல்லப்பா' என்றால் சிறுகதைகள். 'செல்லப்பா, சி.சு.' என்று திருப்பிப் போட்டால் 'சுதந்திர தாகம்'. ஒரே ஆளை மூன்று கூறுபோட்டு மூன்று மூலையில் வைத்திருக்கிறாய்! 'கொ' வருகிற தலைப்புகளிலும் இதே வியாதி. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தால் நம் கண்ணுக்கு ஒரே 'கொ'. உன் தேடலுக்கு அது வேறு எழுத்து.

அட்டைப் பட்டியல் காலத்தில் இதற்கென்றே 'காண்க' அட்டை வைப்போம். எந்தப் பெயரில் வந்து தேடினாலும் ஒரே இடத்துக்குக் கைகாட்டிவிடும். கோஹா என்ற நூலக மென்பொருளிலும் அதற்கு இடமுண்டு. பழைய கணினி 2000 பிறந்ததும் படுத்துவிடும் என்று பயந்து, நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலகத்தார் செய்வித்து, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. சொந்தமாகச் செய்தோம் என்ற பெருமை உனக்கு இருக்கட்டும். இருந்தாலும் ஒருமுறை அதைத் திறந்து பார்.

இன்னொன்று. முகப்பில் 'பயனாளிகள்' என்று போட்டிருக்கிறாயே, நாம் என்ன இலவச ஆடா கொடுக்கிறோம்? நம்மிடம் வருகிறவர் வாசகர். இன்றைக்கே மாற்று.

வாசகர் வரட்டும் என்று காத்திராமல் அவரைத் தேடிப் போனவர்களும் உண்டு. செல்லப்பா தன் பதிப்பகப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவர். மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை 1931-லேயே மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி அனுப்பினார். எனக்கு மாட்டுவண்டியும் இல்லை, தோளில் வலுவும் இல்லை. ஒரு டீக்கடைதான் இருந்தது.

கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண் ஒருத்தி. விடியுமுன் போனால் இருட்டித்தான் இறங்குவாள். அந்த நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து, "போன தடவை கேட்டது வந்துருச்சா சார்?" என்பாள். அவளுக்காகப் புத்தகத்தை ஜீப் நிற்கிற டீக்கடையில் கொடுத்துவைக்க ஆரம்பித்தேன். நாலு மாதம் நடந்தது. நூலகச் சொத்தை வெளியில் வைத்ததற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் வரவில்லை. பேர்கூட மறந்துவிட்டது, பதிவேட்டில் இருந்திருக்கும்.

உன் பட்டியலின் அடியில் 'எடுத்து வை' என்று ஒரு பொத்தான் பார்த்தேன். அழுத்தினால் புத்தகத்தை எடுத்துவைத்து, இரவு எட்டு மணிவரை கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். தம்பி, முப்பது வருஷம் நான் நாற்காலியைத் தேய்த்துச் செய்யாத காரியம் இது. உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அதனால்தான் இத்தனை கோபம். மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு ஒருத்தி செல்லப்பாவைத் தேடுவாள். புத்தகம் அலமாரியில் இருக்கும். உன் பட்டியல் 'இல்லை' என்று சொல்லும். அவள் எதற்குப் பொத்தானை அழுத்தப்போகிறாள்?

அந்த மூன்று செல்லப்பாவையும் ஒன்றாக்கிவிட்டுத் தகவல் சொல். பஸ் ஏறி வருகிறேன். எட்டு மணிவரை திறந்திருக்கிறாயா என்றும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கிளை நூலகர்