செப்பனிட்ட மின்னூற் படிப்பான்

நூல் வாங்குவோர் அதன் தாளையும் அச்சையும் கட்டையும் பார்த்து வாங்குவர். பல நூல்களைத் தாங்கும் கருவியை வாங்குவோர்க்கு அதனினும் மிகுந்த கருத்து வேண்டும். ஆயிரம் நூல்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டு கையில் அமரும் மின்னூற் படிப்பான் இன்று மாணவர் பலரும் விரும்பும் பொருளாக உள்ளது. புதிய கருவியின் விலை எல்லார்க்கும் எட்டுவதன்று. ஆயினும், ஒருவர் சில ஆண்டுகள் பயன்படுத்தி விற்ற கருவியைச் செப்பனிட்டுக் குறைந்த விலைக்குத் தரும் வணிகர் உளர். அறிந்து வாங்கினால் அக்கருவி பல்லாண்டு பயன் தரும். அறியாது வாங்கினால் சிறுகச் சேர்த்த பணம் வீணாகும். ஆதலின், முதலில் அதன் இயல்பை அறிவோம்.

படிப்பானின் திரை கைப்பேசியின் திரை போன்றதன்று. தலைமயிரின் பருமனை ஒத்த நுண்ணிய குமிழ்கள் அதில் பரவியுள்ளன. ஒவ்வொரு குமிழினுள்ளும் வெண்துகள்களும் கருந்துகள்களும் தெளிந்த நீர்மம் ஒன்றில் மிதக்கின்றன. அவை ஒன்றற்கொன்று மாறான மின்னூட்டம் உடையன. மின்விசை செலுத்தும்போது ஒருவகைத் துகள் மேலெழ, மற்றது கீழிறங்கும். எழுத்துகள் தோன்றுவது இவ்வாறே. தோன்றிய எழுத்து, மின்விசை நின்ற பின்னும் மறையாது நிற்கும். இம்முறையை வளர்ப்பதற்கென 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இ-இங்க் என்னும் நிறுவனம் தோன்றிற்று. 2004-இல் ஜப்பானில் சோனி நிறுவனம் இத்தகைய திரையுடைய படிப்பானை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2007-இல் அமேசானின் கிண்டில் 399 டாலர் விலையில் வெளிவந்தது.

இவ்வியல்பை அறிந்தோர் ஓர் ஏமாற்றத்தினின்றும் தப்புவர். விற்போர் காட்டும் நிழற்படத்தில் திரைமீது அழகிய ஓவியம் ஒன்று காணப்படலாம். கருவி இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. மின்கலம் முற்றும் பழுதான கருவியிலும் பழைய ஓவியம் அப்படியே நிற்கும் அன்றோ? ஆகவே, பத்துப் பக்கங்களேனும் திருப்பிக் காட்டுமாறு கேட்டல் வேண்டும். பக்கம் மாறினும் மாறாத கோடோ கறையோ தெரியின், திரை உள்ளே உடைந்துள்ளது எனக் கொள்ளலாம். அத்தகைய கருவி எத்துணை மலிவாயினும் வேண்டா.

அடுத்து நோக்கத்தக்கது, கருவி வெளிவந்த ஆண்டு. 2007-லும் 2009-லும் வந்த கிண்டில்களில் வைஃபை இல்லை. அவை நம்பியிருந்த பழைய அலைபேசி வலையமைப்புகளை அமெரிக்க நிறுவனங்கள் 2022-இல் மூடிவிட்டன. 2012-இல் வந்த பேப்பர்வைட் திரையில் அங்குலத்திற்கு 212 புள்ளிகள் இருந்தன. 2015-இல் அவை 300 ஆயின. எழுத்தின் கூர்மை இதனால் மிகுந்தது. 2018-இல் வந்த பேப்பர்வைட் நீரையும் தாங்குமாறு செய்யப்பட்டது. எனினும், செப்பனிடுவதற்காகத் திறந்து மூடிய கருவி முன்போல் நீரைத் தாங்கும் என நம்புதல் கூடாது.

முன்னைய உடையவர் தம் கணக்கிலிருந்து கருவியை நீக்கியிருத்தலும் இன்றியமையாதது. களவு போனதென அறிவிக்கப்பட்ட கருவியைப் புதியவர் தம் பெயரில் பதிவு செய்ய இயலாது. ஆதலின், விலையைத் தருமுன் நம் பெயரில் பதிந்து, வைஃபை வழியாக ஒரு நூலை இறக்கிப் பார்த்தல் நலம். கிண்டிலுக்காக வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாக மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் நிறுத்திவிட்டது. ஆகவே, வைஃபை பழுதுற்ற கிண்டில் பெரும்பயன் தாராது. தமிழ் நூல் படிக்க விரும்புவோர் தமிழ்ப் பக்கம் ஒன்றையும் திறந்து பார்த்தல் வேண்டும். பழங்கருவிகள் சிலவற்றில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்பதுண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவற்றுள் ஒன்றைக் கொண்டே இச்சோதனையைச் செய்யலாம்.

இனி, மின்னேற்றும் பொருள்களைக் காண்போம். செப்பனிட்ட கருவியுடன் சார்ஜர் பெரும்பாலும் வருவதில்லை. அதற்காக வருந்தவும் வேண்டுவதில்லை. படிப்பானுக்கு வேண்டுவது 5 வோல்ட் அளவே. வீட்டில் உள்ள நல்ல கைப்பேசிச் சார்ஜரே போதும். கேபிளைத்தான் கருத்துடன் தேர்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டுப் பேப்பர்வைட் மைக்ரோ யு.எஸ்.பி. முனையை ஏற்கும், 2021-இல் வந்தது டைப்-சி முனையை ஏற்கும். மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்னேற்றும் கம்பிகள் மட்டுமே இருக்கும். நூல்களை மாற்றும் கம்பிகள் இரா. இரண்டிற்கும் உதவும் கேபிளைக் கேட்டு வாங்குக. சார்ஜர் வாங்க நேரின், இந்தியத் தர அமைவனத்தின் பதிவு எண் அதன்மேல் உள்ளதா என்று பார்க்க. பெயரில்லாச் சார்ஜரால் மிஞ்சும் சில ரூபாய், கருவிக்கும் வீட்டிற்கும் கேடாய் முடியலாம்.

பழைய மின்கலம் ஆண்டு செல்லச் செல்ல ஆற்றல் குறையும். ஆயினும் படிப்பான் சிறிதளவு மின்சாரமே செலவிடுவதால், தளர்ந்த மின்கலமும் பல நாள் தாங்கும். வெயிலில் வைத்தலும், முற்றும் வற்றவிட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தலும் அதற்குத் தீங்கு. வாங்கியவுடன் முழுதும் மின்னேற்றி இரண்டு நாள் படித்துப் பார்த்து, குறை காணின் வணிகர் குறித்த தவணைக்குள் திருப்பித் தருக. திருப்பித் தர இசையாத வணிகரிடம் வாங்காமையே அறிவுடைமை.

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் நான்கில் ஒரு பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில்லை. ஒருவர் கைவிட்ட கருவி மற்றொருவர் கையில் மீண்டும் நூலாக விரியுமாயின், வாங்கியவர்க்குச் செலவு குறையும். மண்ணுக்கும் சுமை குறையும். மாணவர்களே! பொருளின் பழமை கண்டு இகழவும் வேண்டா. மலிவு கண்டு மயங்கவும் வேண்டா. ஆராய்ந்து வாங்குங்கள், வாங்கியதைப் பேணுங்கள், பேணியதைக் கொண்டு நாள்தோறும் படியுங்கள்.