சிறு கணக்குக்கு ஏற்ற கருவி: நல்லம்பள்ளி அளவில் தேடல் விளம்பரம்

தேடல் விளம்பரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்களில் முதலில் வருபவை கூகுளே இலவசமாகத் தருபவை: விளம்பரக் கணக்கின் இணையப் பக்கம், கணினியில் நிறுவும் கூகுள் ஆட்ஸ் எடிட்டர், கைபேசிச் செயலி, ஸ்கிரிப்ட் வசதி. அடுத்து, மாதச் சந்தா கட்டி வாங்கும் ஆப்டிமைசர் போன்றவை. ஸ்காய், சர்ச் ஆட்ஸ் 360 போன்றவை பல தேடுபொறிகளில் பெருந்தொகை செலவிடும் நிறுவனங்களுக்கானவை. சிறு ஊர்க் கடைக்காரர் இந்தக் கடைசி வகையை எண்ண வேண்டியதே இல்லை.

எந்தக் கருவி வேண்டும் என்பதைக் கணக்கின் அளவு தீர்மானிக்கிறது. தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மழை குறைந்த, நிலத்தடி நீரை நம்பிய பகுதி என்பதால் கோடையில் வேலை குவியும். நாள் பட்ஜெட் 300 ரூபாய் என்றால், கூகுளின் 30.4 நாள் கணக்குப்படி மாத உச்சம் 9,120 ரூபாய். ஒரே நாளில் 600 ரூபாய் வரை போகலாம், மாத உச்சத்தைத் தாண்டாது. 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இந்த அளவுள்ள கணக்குக்கு டாலரில் சந்தா கட்டும் கருவி வாங்கினால், விளம்பரத்துக்குப் போக வேண்டிய பணம் கருவிக்குப் போய்விடும். மாறாக, பத்துப் பதினைந்து கடைகளின் கணக்குகளை ஒருவரே பார்த்துக்கொள்ளும்போது அதே சந்தா கட்டுபடியாகும். அவருக்கு மிச்சமாகும் நேரமே அதற்கான விலை.

விற்பனைப் பேச்சில் பெரும்பாலும் சொல்லப்படாத ஒன்று உண்டு. வெளிக் கருவிகள் கூகுள் தரும் தரவைத்தான் வாங்கிக் காட்டுகின்றன. 2020 செப்டம்பர் முதல், போதிய எண்ணிக்கையில் தேடப்படாத சொற்களைக் கூகுள் தன் தேடுசொல் அறிக்கையில் காட்டுவதில்லை. சிறு ஊர்த் தேடல்களில் பல இப்படித்தான் மறைந்துபோகின்றன. எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்தக் கருவியாலும் அவற்றை மீட்டுத் தர முடியாது. 'தேடல் அளவு குறைவு' என்று கூகுள் நிறுத்திவைக்கும் கீவேர்டுகளின் கதையும் இதுவே. ஆகவே நல்லம்பள்ளி என்ற பெயரோடு கீவேர்டுகளை அடுக்குவதைவிட, பொதுவான சொற்களை வைத்து இடத்தைச் சுருக்குவது பலன் தரும்.

இடத்தைச் சுருக்கும்போது வரைபடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நல்லம்பள்ளியை மையமாக்கி 25 கிலோமீட்டர் ஆரம் போட்டால் தர்மபுரி நகரம் உள்ளே வரும். தொப்பூரைத் தாண்டிச் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஆள் அனுப்ப முடியாத பட்டறைக்கு அங்கிருந்து வரும் கிளிக் வீண். தேர்ந்தெடுத்த இடத்தில் இருப்பவர்களோடு அதில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் கூகுளின் இயல்பமைப்பு. அதை 'இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றிவிட வேண்டும். கோவையில் நல்லாம்பாளையம் இருப்பதால் அந்தப் பெயரை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விலக்கும் சொல்லாக, சேர்ப்பது நல்லது.

அதிகமாகப் பணம் மிச்சமாவது தேடுசொல் அறிக்கையில்தான். 'சப்மெர்சிபிள் மோட்டார் ரிப்பேர்' என்ற கீவேர்டுக்கு 'மோட்டார் வைண்டிங் கோர்ஸ்', 'மோட்டார் மெக்கானிக் வேலை', '2 எச்பி மோட்டார் விலை' என்று தேடியவர்களும் வந்து கிளிக் செய்வார்கள். படிக்க வந்தவரும் வேலை தேடுபவரும் வாடிக்கையாளர் ஆகமாட்டார்கள். கோர்ஸ், வேலை, சம்பளம் ஆகியவற்றை உடனே விலக்கலாம். விலை கேட்பவரை விலக்குவதா என்பது பட்டறை புது மோட்டாரும் விற்கிறதா என்பதைப் பொறுத்தது. அதைக் கடைக்காரர்தான் சொல்ல முடியும். தானே நெகட்டிவ் சேர்ப்பதாகச் சொல்லும் கருவியை வாங்கினாலும், ஒப்புதல் கேட்டுவிட்டுச் சேர்க்கும் வகையையே தேர வேண்டும். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்தில் தமிழாகவும் மக்கள் தேடுவதால், விலக்கும் சொற்களை இரண்டு வடிவிலும் எழுதிவைக்க வேண்டும். கூகுள் 2018 பிப்ரவரியில் தன் விளம்பரச் சேவைக்குத் தமிழ் ஆதரவை அறிவித்தது. ஆனாலும் ஒரு வெளிக் கருவியை வாங்குமுன் அதில் தமிழ்ச் சொற்கள் சிதையாமல் இறங்கி ஏறுகின்றனவா என்று இலவசச் சோதனைக் காலத்திலேயே பார்த்துவிடுவது அவசியம்.

மின்சாரமும் இணையமும் விட்டுவிட்டு வரும் இடத்தில் எடிட்டர் பெரிய துணை. கணக்கை இறக்கிவைத்துக்கொண்டு, இணையம் இல்லாதபோதே திருத்தி, பிறகு மொத்தமாக ஏற்றலாம். திருத்துமுன் ஒரு நகலைக் கோப்பாகச் சேமித்துவைத்தால் தவறு நேர்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். இதற்கு விண்டோஸ் அல்லது மேக் கணினி வேண்டும். கைபேசிச் செயலி பட்ஜெட்டைப் பார்க்கவும் விளம்பரத்தை நிறுத்தவும் போதும், கீவேர்டு வேலைக்குப் போதாது.

அழைப்புகளைக் கொண்டு கற்கும் தானியங்கி ஏல உத்திகளை எந்தக் கருவி பரிந்துரைத்தாலும், மாதத்துக்குச் சில அழைப்புகளே வரும் கணக்கில் அவற்றுக்குக் கற்றுக்கொள்ளப் போதிய தரவு கிடைக்காது. கணக்கின் 'மேம்பாட்டு மதிப்பெண்' நூறைத் தொட வேண்டும் என்று பரிந்துரைகளை எல்லாம் ஏற்பது பட்ஜெட்டைக் கூட்டுவதில்தான் பெரும்பாலும் முடியும். பரிந்துரைகள் தானாக நடைமுறைக்கு வரும் வசதியை அணைத்துவைக்க வேண்டும். அழைத்தவர் எந்த வழியாக வந்தார், வேலை முடிந்ததா என்பதை எக்செல் ஏட்டில் எழுதிவருவதே இங்கே பயனுள்ள அளவுகோல். விசாரணைகள் படிவம் வழியாக வரத் தொடங்கினால், தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோவின் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருள்) போன்ற ஒன்றில் கூகுளின் கிளிக் அடையாள எண்ணைச் சேமித்து, முடிந்த விற்பனையைக் கிளிக் நடந்த 90 நாளுக்குள் விளம்பரக் கணக்கில் ஏற்றலாம்.

கணக்கு கடைக்காரரின் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். நடத்துபவர் மேலாளர் கணக்கு வழியே இணைந்துகொள்ளலாம். வெளிக் கருவிக்குக் கொடுத்த அனுமதியைச் சந்தா முடிந்ததும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் நீக்கிவிட வேண்டும். யார் எதை மாற்றினார்கள் என்ற மாற்ற வரலாறு இரண்டு ஆண்டுகள் வரை கணக்கிலேயே கிடைக்கும்.