வெகுமதிப் புள்ளிகளுக்குப் பணம் கொடுப்பவர் யார்?

நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலையோரத்துக் கடைகளில், கிரெடிட் கார்டை நீட்டிய மாத்திரத்தில் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்ற வார்த்தையைக் கேட்டு முகம் சுளிக்காதவர் அபூர்வம். பாயிண்டுகளை அள்ளித் தரும் வங்கி தாராளமானது, இரண்டு சதவிகிதம் கேட்கும் வியாபாரி பேராசைக்காரர் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருப்பதற்கு, அந்தப் பாயிண்டுகளுக்கான பணம் யார் கல்லாவிலிருந்து புறப்படுகிறது என்பதை நாம் விசாரிக்காததே காரணம்.

பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குக்குக் கார்டைத் தேய்த்தால், வியாபாரியிடம் வங்கி பிடிக்கும் எம்.டி.ஆர். எனப்படும் கட்டணம் இரண்டு சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 200 ரூபாயும் அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யாக 36 ரூபாயும் போக, 9,764 ரூபாயே அவர் கணக்கில் சேருகிறது. கட்டணத்தின் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குச் சென்று, அங்கிருந்தே பாயிண்டுகள் பிறக்கின்றன. ஜி.எஸ்.டி.யின் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கோ அந்த ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் சௌகரியமும் கிடையாது. இந்த நஷ்டத்தை எத்தனை நாள் அவர் சுமப்பார்? விலையில் ஏற்றுகிறார். ஏற்றிய விலையை, அடுக்குமாடியில் வசிக்கும் மென்பொருள் பொறியாளரும், அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுச் சில்லறையை எண்ணிக் கொடுத்து அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிப் போகும் அம்மாளும் சமமாகவே கொடுக்கிறார்கள். பாயிண்டு மட்டும் ஒருவருக்கே. இதை அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் 2010-ல் கணக்கிட்டபோது, ரொக்கம் கொடுக்கும் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு உபயோகிப்பவர்களுக்குத் தன்னையறியாமல் தாரைவார்ப்பதாகக் கண்டார்கள்.

எல்லாக் கார்டுக்கும் சட்டம் ஒன்றே என்பதும் பிரமைதான். டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு, ஆண்டு வியாபாரம் 20 லட்சம் வரையுள்ள கடைகளுக்கு 0.40, மற்றவர்களுக்கு 0.90 சதவிகிதம் என்று 2017 டிசம்பரில் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்து, அதை வாடிக்கையாளர் தலையில் சுமத்தலாகாது என்றும் உத்தரவிட்டது. ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி முதல் கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு அப்படிப்பட்ட வரம்பு ஏற்படவில்லை. ஆகையால் டெபிட் கார்டுக்கு இரண்டு சதவிகிதம் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம்; கிரெடிட் கார்டுக்குக் கேட்பவரின் சங்கடத்தையோ சற்று யோசிக்க வேண்டும்.

கார்டைப் பற்றிய பிரமைகளில், மாதப் பில்லில் குறைந்தபட்சத் தொகையான "மினிமம் டியூ"வைக் கட்டினால் போதும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் கொடியது. அது தாமதக் கட்டணத்தைத் தடுக்குமேயன்றி வட்டியைத் தடுக்காது. பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். முப்பது சதவிகிதத்துக்கு மேற்பட்ட வருட வட்டி முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அளித்த தீர்ப்பை, 2024 டிசம்பர் 20-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. மாதம் மூன்றரை சதவிகிதம் வட்டியுள்ள கார்டில் பத்தாயிரம் ரூபாய் பாக்கி நின்றால், ஜி.எஸ்.டி.யோடு ஒரே மாதத்தில் 413 ரூபாய். அதே பத்தாயிரத்துக்கு, நூற்றுக்கு ஒன்று வீதம் கிடைத்த பாயிண்டுகளின் மதிப்பு 100 ரூபாய்.