ஜல்லியா, கிரானைட்டா, கூழாங்கல்லா: நெல்லையில் கல் அறியத் தொடங்குபவருக்கு

பாறைகளை அறிந்துகொள்ள விரும்பும் திருநெல்வேலிக்காரர் பொதிகை ஏற வேண்டியதில்லை. ஓட்டல் வாசலிலும் வங்கிக் கட்டடங்களின் செடித்தொட்டிகளிலும் பரப்பியிருக்கும் வெள்ளை, கறுப்புக் கூழாங்கற்கள், சமையல் மேடையில் பதித்த கிரானைட் பலகை, வீடு கட்டும் தெருவில் குவித்த கருங்கல் ஜல்லி, தாமிரபரணிப் படுகையின் உருண்டைக் கற்கள் என்று நான்கு வகை கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெரும்பாலோர் அழகைப் பார்த்து அலங்காரக் கூழாங்கல்லில் தொடங்குகிறார்கள். ஜல்லியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கல்லை அடையாளம் காண முக்கியமாக இரண்டு தேவை: புதிதாக உடைந்த முகம், அது எங்கிருந்து வந்தது என்ற தகவல். இந்த இரண்டும் சேர்ந்து எளிதாகக் கிடைப்பது ஜல்லிக் குவியலில்தான்.

நகரத்துக் கல்லை வைத்து உருப்படியாக எதுவும் கண்டறிய முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு. கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்துதான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் ஒரு பாறை வகைக்கு ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். அந்தக் கல் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியிலிருந்து போனது. செதுக்கி, வேறு ஊரில் கொண்டுபோய் வைத்த கல்தான் என்றாலும், அதன் ஊர் தெரிந்ததால் அதைத் தாய்ப்பாறையோடு ஒப்பிட முடிந்தது. அதே சார்னோகைட் நெல்லைச் சீமையிலும் மேற்கு மலைத்தொடரிலும் பரவிக் கிடக்கிறது. ஜல்லியை நெடுந்தூரம் ஏற்றிவந்தால் வாடகை கட்டாது. அதனால் பெரும்பாலும் அருகிலுள்ள குவாரிக் கல்லே தெருவுக்கு வருகிறது. எந்தக் கிரஷர் லோடு என்று மேஸ்திரியிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

‘எல்லாம் ஒரே கறுப்பு, அதில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்பது வழக்கமான மறுப்பு. தூசி படிந்த ஜல்லி அப்படித்தான் தெரியும். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஒன்றரை அங்குல ஜல்லியில் நாலைந்து எடுத்துக் கழுவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துச் சாய்வெயிலில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் தடவியது போன்ற மினுப்பும் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறமும் இருந்தால் அது சார்னோகைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வெயில் மழை பட்ட பழைய பக்கம் மட்டும் பழுப்பேறியிருக்கும். வெளிர், கருமைப் பட்டைகள் மாறி மாறி வந்தால் அது நைஸ் (gneiss) என்ற பாறை. அதன் கரும்பட்டையில் தகடு தகடாக மின்னுவது பயோடைட் மைக்கா. திராட்சை ரசச் சிவப்பில் உருண்டையாகத் தெரிவது கார்னெட். கல்லைத் திருப்பும்போது தட்டையான ஒரு முகம் முழுவதும் சட்டென்று பளிச்சிட்டால் அது ஃபெல்ட்ஸ்பார். அப்படிப் பளிச்சிடாமல், உடைந்த கண்ணாடி போலிருப்பது குவார்ட்ஸ். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய கற்கள் இவை. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இவற்றின் உறவுப் பாறைகள் உண்டு.

இரண்டாம் இடம் கிரானைட் பலகைக்கு. மெருகேற்றியதால் கனிமங்களின் அமைப்பு படம் வரைந்தாற்போல் தெரியும். ஆனால் உடைந்த முகம் கிடையாது, கடைப்பெயரும் ஊரைச் சொல்லாது. ‘காஷ்மீர் ஒயிட்’ மதுரை வட்டாரத்துக் கல். அதிலுள்ள சிவப்புப் புள்ளிகள் நாம் ஜல்லியில் பார்த்த அதே கார்னெட். ‘பிளாக் கேலக்ஸி’ ஆந்திராவின் சீமக்குர்த்தியிலிருந்து வருகிறது. கடைக்காரர் கிரானைட் என்றாலும் புவியியலாளர் அதை காப்ரோ வகையில் சேர்ப்பார். பட்டறையில் கழித்துப்போட்ட துண்டைக் கேட்டு வாங்கினால் அறுத்த முகம், உடைந்த முகம் இரண்டையும் ஒப்பிடலாம்.

அலங்காரக் கூழாங்கல்லைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. உருட்டி மெருகேற்றும்போது உடைந்த முகம் போய்விடுகிறது. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. சிலவற்றில் சாயமும் ஏற்றியிருப்பார்கள். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சாயம் பஞ்சில் ஒட்டலாம். வெள்ளைக் கல் குவார்ட்ஸா பளிங்கா என்று அறிய, பழைய கண்ணாடிப் புட்டியில் அழுத்திக் கீறுங்கள். குவார்ட்ஸ் கீறும், பளிங்கு கீறாது. எலுமிச்சைச் சாறு விட்டால் போதாதா என்று கேட்கலாம். கால்சைட் பளிங்கு மெல்ல நுரைக்கும், டோலமைட் பளிங்கு அசையாமலே இருக்கும். ஆகவே நுரைக்காததை எல்லாம் குவார்ட்ஸ் என்று முடிவுகட்டக் கூடாது. இந்தச் சோதனைகளை விலைக்கு வாங்கிய கல்லில் செய்யுங்கள். பிறர் தொட்டியில் கைவைக்க வேண்டாம்.

அப்படியானால் ஆற்றுக்கே போகலாமே என்பார்கள். மலையிலிருந்து பல வகைப் பாறைகளை ஆறு கலந்து கொண்டுவருகிறது. அவற்றைப் பிரித்தறிய முதலில் கண் பழகியிருக்க வேண்டும். 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதிக்கும் அளவுக்கு அந்தப் படுகை காயப்பட்டிருந்தது. அங்கே கல்லைப் பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். குவாரிக்குள் இறங்கவே வேண்டாம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களையும் கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களையும் கண்ணால் மட்டும் பாருங்கள். அங்கே ஒரு கீறல் விழுந்தால் ஆற்ற வழியில்லை.

முதலில் ஜல்லி, அடுத்து கிரானைட் துண்டு, பிறகு கூழாங்கல். இந்த வரிசையில் பழகுங்கள். எடுக்கும் ஒவ்வொரு கல்லிலும் ஊரும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டிவையுங்கள். அந்தச் சீட்டு இல்லாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேகரிப்பில் அதற்கு இடமில்லை.