ஆடித் தள்ளுபடியின் கணக்கு

ஆடி மாதம் பிறந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை முதலிய நகரங்களின் கடைவீதிகளில் ஜவுளிக் கடைகளும் காலணிக் கடைகளும் தள்ளுபடி விற்பனையை அறிவிக்கின்றன. நூற்றுக்கு 20 குறைவு, 50 குறைவு, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற விளம்பரங்கள் சுவர்களிலும் செய்தித்தாள்களிலும் கைப்பேசிகளிலும் நிறைகின்றன. அதே நாட்களில்தான் நமது வயல்களில் நடவு வேலை நடக்கிறது. நமது நெசவாளர் வீடுகளில் தீபாவளிச் சரக்குக்குப் பாவு ஏறுகிறது.

நமது அங்கத்தினர்களில் நெல் விளைவிப்போர் இவ்விற்பனைக்கு வாங்குவோராகச் செல்கின்றனர். தறியில் அமர்வோரின் துணியோ அவ்விற்பனையுடன் போட்டியிட்டு விலைபோக வேண்டியிருக்கிறது. ஆகவே தள்ளுபடி என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதை இரு சாராரும் அறிந்திருத்தல் நலம். எந்தத் தள்ளுபடியும் வானத்திலிருந்து விழுவதில்லை. குறைக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயையும் யாரோ ஒருவர் தம் கையிலிருந்து கொடுக்கிறார். அவர் யார் என்று கேட்டறியும் பழக்கத்தை உண்டாக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஆடி மாதத்தில் ஏன்?

ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவில் முடிகிறது. இம்மாதத்தில் திருமணம் முதலிய சுபகாரியங்களை நம் மக்கள் பெரும்பாலும் நடத்துவதில்லை. முகூர்த்தப் பட்டுக்கும் சீர்வரிசைத் துணிக்கும் கிராக்கி குறைகிறது. காவிரி நாட்டில் மற்றொரு காரணமும் உண்டு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று பாசனத்திற்குத் திறப்பது மரபு. நீர் இருப்புப் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு. தண்ணீர் வந்ததும் விதை, உழவு, நாற்றுப் பறிப்பு, நடவு, உரம் என்று செலவுகள் தொடர்கின்றன. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா அறுவடை தை, மாசியிலும்தான் பணம் தரும். எனவே ஆடியில் விவசாயியின் கையிலிருந்து பணம் வெளியே போகிறதேயன்றி உள்ளே வருவதில்லை.

இவ்வாறு வாங்குவோர் குறைந்த மாதத்தில் வியாபாரியின் அலமாரியில் பழைய சரக்கு தேங்கி நிற்கிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு வரவேண்டும். அதற்கு இடமும் பணமும் தேவை. ஆகவே பழையதை விலை குறைத்து வெளியேற்றுகிறார். ஐரோப்பாவிலும் கோடை முடியுமுன் பெரிய கடைகள் கோடை உடைகளையும் காலணிகளையும் விலை குறைத்து விற்கின்றன. அங்கே காரணம் பருவமும் நாகரிக மாற்றமும். இங்கே காரணம் பஞ்சாங்கமும் பாசனமும். தேங்கிய சரக்கைப் பணமாக்க வேண்டும் என்ற அவசியம் இரண்டுக்கும் பொது.

அந்த அவசியம் உண்மையானதே. ஒரு கடையில் 1,00,000 ரூபாய்ச் சரக்கு விற்காமல் கிடப்பதாகவும், அதற்கு வாங்கிய கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 12 என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் வட்டியிலேயே கரைகிறது. ஆறு மாதம் காத்திருப்பதைவிட 6,000 ரூபாயைக் குறைத்து இன்றே விற்பது அவ்வியாபாரிக்கு நஷ்டமன்று. இத்தகைய தள்ளுபடியில் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் நன்மை உண்டு. ஆனால் இன்று ஆடி விற்பனை பெரிதாக வளர்ந்துவிட்டது. தேங்கிய சரக்குடன், ஆடிக்கென்றே தருவிக்கப்பட்ட மலிவான சரக்கும் கலந்தே விற்பனைக்கு வருகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது வாங்குவோரின் பொறுப்பு.

வாங்குவோர் அறிய வேண்டிய கணக்கு

முதலாவது, குறைப்பு எந்த விலையிலிருந்து என்று பார்க்க வேண்டும். 1,000 ரூபாய்க்கு வழக்கமாக விற்கும் சேலைக்கு 1,250 என்று சீட்டு ஒட்டி நூற்றுக்கு 20 குறைத்தால் கிடைப்பது அதே 1,000 ரூபாய்தான். 1,500 என்று ஒட்டிக் குறைத்தால் 1,200 ரூபாய். வாங்குவோர் 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு 300 ரூபாய் மிச்சம் பிடித்ததாக எண்ணுவார்.

இரண்டாவது, "50ம் அதன் மேல் 20ம்" என்ற விளம்பரம். இது 70 ஆகாது. 100 ரூபாயில் 50 குறைந்தால் மீதி 50. அந்த 50இல் நூற்றுக்கு 20 என்பது 10 ரூபாய். மொத்தக் குறைவு 60 மட்டுமே.

மூன்றாவது, "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்." மூன்றின் விலையில் ஒன்று குறைவதால் இது நூற்றுக்கு 33 அளவான தள்ளுபடி. தேவை ஒன்றாக இருந்து மூன்றை வாங்கினால் தள்ளுபடி பயன்படுவதில்லை. செலவு இரு மடங்காகிறது.

நான்காவது, "50 வரை" என்பதிலுள்ள "வரை" என்ற சொல். ஏதோ சில உருப்படிகளுக்கு மட்டும் 50 குறைவும், மற்றவற்றுக்கு 5, 10 குறைவும் இருக்கலாம்.

காலணிகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. துணி சிறிது பெரிதாக இருப்பின் தைத்துக்கொள்ளலாம். செருப்பை அவ்வாறு செய்ய இயலாது. கழிவு விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் விற்று மீந்த அளவுகள். விலை குறைவு என்பதற்காக ஓர் அளவு சிறியதை வாங்கினால் கால் புண்ணாகும். நெடுநாள் கிடங்கில் கிடந்த சரக்கில் பசை விடுவதும், பஞ்சுபோன்ற அடித்தோல் பொடிப்பொடியாக உதிர்வதும் உண்டு. அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்து, இரு காலிலும் அணிந்து நடந்து பார்த்து வாங்க வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆதலால் மாலையில் அளவு பார்ப்பதே நல்லது.

தறியின் பக்கத்துக் கணக்கு

இனி நெசவாளர் பக்கம் திரும்புவோம். ஒரு கைத்தறிப் பருத்திச் சேலைக்கு நூல் 550, சாயம் 100, நெசவுக் கூலி 450, சங்கச் செலவு 100 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அடக்கவிலை 1,200 ரூபாய். நூற்றுக்கு 10 சேர்த்து 1,320 ரூபாய்க்குச் சங்கம் விற்கிறது. கடைவீதியில் எல்லோரும் குறைக்கிறார்கள் என்று சங்கமும் தன் பொறுப்பில் நூற்றுக்கு 20 குறைத்தால் கிடைப்பது 1,056 ரூபாய். அடக்கவிலையில் 144 ரூபாய் துண்டு விழுகிறது.

இந்த 144 ரூபாயை யார் கொடுப்பது? நூல் ஆலை குறைத்துக்கொள்ளாது. சாயப் பட்டறை குறைத்துக்கொள்ளாது. கட்டிட வாடகையும் சிப்பந்திகளின் சம்பளமும் குறையா. எஞ்சியிருப்பது கூலி ஒன்றே. 450 ரூபாய்க் கூலி 306 ஆகிறது. வாங்குபவர் 264 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்து செல்லும்போது அதில் 144 ரூபாய் நெசவாளர் வீட்டு உலையிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரிவதில்லை. தனியார் வியாபாரிக்கு நெய்து கொடுப்போர் நிலை இதனினும் கடினம். அங்கே இக்கணக்கைக் கேட்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை.

1952-53இன் பாடம்

கைத்தறித் துணி விற்காமல் தேங்கினால் என்ன நேரும் என்பதை நம் மாநிலம் 1952இல் கண்டது. சென்னை மாகாணமெங்கும் துணி தேங்கி, தறிகள் ஓய்ந்து, நெசவாளர் குடும்பங்கள் பட்டினியால் வாடின. வேட்டி, சேலை ஆகியவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அந்நாளைய முதலமைச்சர் இராஜாஜி வற்புறுத்தினார். மத்திய அரசு அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவை முந்திய ஆண்டின் உற்பத்தியில் நூற்றுக்கு 60 ஆகக் கட்டுப்படுத்தியது. 1953ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறிஞர் அண்ணா திருச்சியில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து வீதிகளில் விற்றார். அதே ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை, அதாவது காலணா, கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கியது.

கூட்டுறவுச் சங்கங்கள் தரும் அரசுத் தள்ளுபடி, அதாவது "ரிபேட்", இம்முயற்சிகளின் வழியே வளர்ந்தது. இதில் வாங்குபவருக்குக் குறையும் தொகையை அரசு சங்கத்திற்கு ஈடுசெய்கிறது; கூலியில் கைவைக்க வேண்டியதில்லை. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தலைமைச் சங்கத்தின் தீபாவளி விற்பனையை நம்மில் அறியாதார் இலர். கடைத் தள்ளுபடிக்கும் கூட்டுறவுத் தள்ளுபடிக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுவே: பின்னதில் பாரத்தைச் சுமப்பது பொதுப்பணம், ஆகையால் நெசவாளர் கூலி காக்கப்படுகிறது.

ஆயினும் இம்முறைக்கும் ஓர் ஆபத்து உண்டு. முன்சொன்ன சேலையில் 500 உருப்படிகளை ரிபேட்டில் விற்றால் உருப்படிக்கு 264 வீதம் 1,32,000 ரூபாய் அரசிடமிருந்து வரவேண்டிய பாக்கியாகிறது. அதுவரை சங்கம் கடனில் ஓட வேண்டும். நூற்றுக்கு 12 வட்டியில் மாதம் 1,320 ரூபாய் போகிறது. அதாவது ஒரு மாதத் தாமதம் ஒரு சேலையை விழுங்கிவிடுகிறது. மேலும், தள்ளுபடி நாட்களில் மட்டுமே வாங்கும் பழக்கம் மக்களிடம் வேரூன்றினால் மற்ற மாதங்களில் தறிக்கு வேலை குறையும்.

சட்டம் கூறுவது

பிறநாடுகள் சில இவ்விற்பனைக்கு வரம்பு கட்டியுள்ளன. பிரான்சு நாட்டில் பருவக் கழிவு விற்பனை ஆண்டுக்கு இருமுறை, சட்டம் குறித்த வாரங்களில் மட்டும் நடைபெறுகிறது. விற்பனை தொடங்குவதற்கு ஒரு மாதமேனும் முன்னரே கடையில் விற்பனைக்கு வைத்து, அதற்குரிய பணத்தையும் செலுத்திய சரக்கையே அதில் சேர்க்கலாம். கழிவு விற்பனைக்கென்றே புதுச் சரக்கைத் தருவிப்பதை இது தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதம் முதல், குறைத்த விலையை விளம்பரம் செய்யும் கடை, முந்திய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது.

நமது நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலையைப் பற்றி மக்களை ஏமாற்றுவதையும், கொடுக்க எண்ணமில்லாத மலிவு விலையை விளம்பரம் செய்வதையும் முறையற்ற வாணிகம் என்று வகுத்துள்ளது. பழுதான பொருளைச் சீட்டில் கண்ட காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ஆகவே "தள்ளுபடிச் சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பலகை மாட்டுவதால் பழுதான பொருளின் பொறுப்பு நீங்கிவிடாது. ஆயின் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பதும் உண்டு. ஆகையால் 2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையையும், பட்டாயின் பட்டு முத்திரையையும் பார்த்து வாங்குக. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நமது திருபுவனம் பட்டைச் சங்க விற்பனை நிலையத்தில் வாங்கினால், அதன் விசிறி மடிப்போடு நம்பிக்கையும் சேர்ந்து கிடைக்கும்.

ராச்டேல் காட்டிய வழி

1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். அவர்கள் விலையைக் குறைத்துக் கூவவில்லை. ரொக்கத்திற்கு, சரியான எடையில், கடைவீதி விலைக்கே விற்றனர். கணக்கு முடிந்தபின் மிஞ்சியதை, யார் எவ்வளவு வாங்கினாரோ அவ்வளவுக்கேற்பப் பகிர்ந்தனர். 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நமது மாநிலத்தில் கூட்டுறவுப் பண்டகசாலை வழியில் நடந்த முன்னோடி. இம்முறையில் திரும்பக் கிடைப்பது அங்கத்தினரின் சொந்தப் பணம். அது எவர் கூலியிலும் பிடித்ததன்று.

நாம் செய்ய வேண்டியவை

நெசவாளர் சங்கங்கள் கையிருப்பைச் சரக்கின் வயதுப்படி, மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று பிரித்து ஒவ்வொரு மாதமும் நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். எந்த நிறம், எந்தக் கரை தேங்குகிறது என்று கண்டு, அதற்கு மேலும் பாவு கொடுப்பதை நிறுத்த வேண்டும். விலை குறைக்க வேண்டிய சரக்கை ஆனியிலேயே தீர்மானிக்க வேண்டும். அடக்கவிலைக்குக் கீழ் விற்பதாயின் குழுவின் தீர்மானத்துடன், நஷ்டத்தை வியாபாரக் கணக்கில் எழுத வேண்டும், கூலியில் பிடிக்கலாகாது. ரிபேட் பட்டியல்களை விற்பனை முடிந்த வாரமே அனுப்ப வேண்டும்.

விவசாய அங்கத்தினர்கள் பயிர்க்கடனை ஜவுளிக் கடைக்குக் கொண்டு செல்லலாகாது. உரத்திற்கென வாங்கிய பணம் துணியானால் பயிர் இளைக்கும். தவணை நாளில் கடன் நிற்கும். குடும்பத்திற்கு வேண்டிய துணியையும் காலணியையும் முன்னரே பட்டியலிட்டு, தையில் நெல் விற்ற பணத்தில் அதற்கென ஒரு தொகையைச் சங்கத்தில் சேமித்து வைத்தால், ஆடியில் உண்மையான மலிவு கிடைக்கும்போது கடனின்றி வாங்கலாம்.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. வைக்க இடமும் கையில் பணமும் இல்லாமல் களத்துமேட்டிலேயே வந்த விலைக்கு நெல்லை விற்கும் விவசாயி கொடுப்பதும் தள்ளுபடியே. ஜவுளி வியாபாரியை ஆடியில் விலை குறைக்கச் செய்யும் அதே நெருக்கடி அவனைத் தையில் குறைக்கச் செய்கிறது. கிடங்கும் கடனுதவியும் கூட்டு விற்பனையும் அவனைக் காப்பதுபோலவே நெசவாளரையும் காக்கின்றன. நெல் விளைவிப்பவர் நெசவாளரின் கூலியையும், நெய்பவர் விவசாயியின் நெல் விலையையும் தமதாகக் கருதும்போதுதான் கூட்டுறவு என்ற பெயர் பொருள் பெறும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது சங்கத்தில் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட கையிருப்பு எவ்வளவு? அதற்கு மாத வட்டி எவ்வளவு?

2. நமது முக்கிய உருப்படி ஒன்றின் அடக்கவிலையில் நெசவுக் கூலி நூற்றுக்கு எத்தனை? நூற்றுக்கு 20 குறைத்தால் அப்பாரம் எதில் விழும்?

3. சென்ற ஆடியில் ஒவ்வோர் அங்கத்தினரும் வாங்கிய பொருள்களில், தள்ளுபடி இல்லாவிடினும் வாங்கியிருக்கக்கூடியவை எவை?

4. அரசிடமிருந்து வரவேண்டிய ரிபேட் பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது? அதைப் பெற எடுத்த நடவடிக்கை என்ன?