தண்டவாளத்தில் ஒரு பெட்டி

கேள்வி: ஐயா, நான் கொட்டாஞ்சேனையில் ஏ.எல். படிக்கிறேன். நானும் வெள்ளவத்தையில் இருக்கும் என் தோழியும் 24 பக்கத்தில் ஒரு சித்திரக்கதை வரைந்து முடித்துவிட்டோம். கடற்கரைத் தண்டவாளத்தருகே நான்கு பிள்ளைகள் ஒரு பெட்டியைக் கண்டெடுப்பதுதான் கதை. அட்டையில் நால்வரையும் வில்லனையும் பொலிஸையும் வரைந்தோம். சனக்கூட்டம் மாதிரித் தெரிகிறது. எதை விடுவது?

பதில்: மகள், பெட்டியும் அதைத் திறக்கப்போகும் ஒரு பிள்ளையும் போதும். மற்றவர்கள் உள்ளே இருக்கட்டும்.

1938 ஜூன் என்று தேதியிட்ட ஆக்‌ஷன் கொமிக்ஸ் முதல் இதழின் அட்டையைத் தேடிப் பாருங்கள். சுப்பர்மேன் ஒரு காரைத் தூக்கி மோதுகிறார். முன்மூலையில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். காரைத் தூக்கியவர் நல்லவரா, கெட்டவரா? அட்டை சொல்லாது. புத்தகத்தைத் திறக்கத்தான் வேண்டும். ஆகவே உங்கள் பெட்டியும் மூடியே இருக்கட்டும்.

பின்னால் ரயில் வரட்டும். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து அது எங்களை நோக்கி வருவதாக வரைந்தால் கடல் இடது கைப்பக்கம், மரைன் டிரைவ் வலது கைப்பக்கம். மாற்றிப் போட்டால் வெள்ளவத்தைக்காரர் உடனே பிடித்துவிடுவார்கள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கேலிச்சித்திரக்காரர் சிரித்திரன் சுந்தர் ‘சவாரித் தம்பர்’ வரைந்தபோது யாழ்ப்பாணத்துக் கிராம மனிதர் எங்கள் பத்திரிகைக் கோட்டுக்குள் வந்தார். கொழும்புத் தெருக்களும் அப்படி வரவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

தலைப்பை மேல் மூன்றிலொரு பங்கில் வையுங்கள். கடையில் புத்தகங்களை ஒன்றன்முன் ஒன்றாக நிறுத்தி வைக்கும்போது வெளியே தெரிவது அந்தப் பகுதிதான். கையால் எழுதுவதே அழகு. ஆனால் தமிழ் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே உகரக் குறி இருக்கிறது. இரண்டு வரித் தலைப்பென்றால் இடைவெளி தாராளமாக விடுங்கள். தடித்த கறுப்புக் கோடு போட்டால் ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டுவிடும். அட்டையைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் பாருங்கள். பெட்டியும் தலைப்பும் அப்போதும் தெரிந்தால் சரி.

அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பு 300 டிபிஐ, சிஎம்வைகே நிறத்தில் இருக்கட்டும். சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக வரையுங்கள், வெட்டும்போது அது போய்விடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் எழுத்துகளைக் கட்டாயம் ‘கேர்வ்’ (கோட்டு வடிவம்) ஆக மாற்றிக் கொடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் தலைப்பு முழுவதும் ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்துவிடும். என் முதல் அட்டை அப்படித்தான் அச்சாகி வந்தது, 200 பிரதிகள்.

இன்னொன்று. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அந்த மாயாவியோடுதான் நான் வளர்ந்தேன். அவரை வரைந்த ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயர் பல வருடம் எனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் உங்கள் பெயர்களை அட்டையிலேயே, வாசிக்கக்கூடிய அளவில் போடுங்கள்.