சிற்றில் கட்டும் கலை: பாவை வீட்டுப் பாடம்

மணலைக் குவித்து வீடு கட்டி, அதனுள் சிறுசோறு ஆக்கி விளையாடிய சிறுமியரைத் தமிழிலக்கியம் நன்கறியும். அவ்வீட்டிற்குச் சிற்றில் என்று பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் எனத் தனியே ஒரு பருவமும் உண்டு. அச்சிற்றில் நிலைத்து நிற்பதற்காகக் கட்டப்பட்டதன்று. ஒரு காலடியில் சிதையும், மறுநாள் மீண்டும் எழும். ஐரோப்பிய நாட்டினர் அத்தகைய சிறுவீட்டை மரத்தாற் கட்டினர். அவற்றுட் சில முந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் அருங்காட்சியகங்களில் இன்று காணக் கிடைக்கின்றன. அவ்வீடுகளைப் பாவை வீடுகள் என்பர்.

பாவை வீடு கட்டுதல் பொழுதுபோக்குத்தானே, இதற்கொரு பாடம் எதற்கு என்று சிலர் வினவலாம். நெடுங்காலம் வகுப்பறையில் நின்று பழகிய நாம் கூறும் விடை இதுவே: அளத்தல், கணக்கிடல், வரைதல், பொறுமை ஆகிய நான்கையும் ஒரே வேலையில் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சிகள் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று. ஐந்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட சிறுவரும் சிறுமியரும் பெரியோரின் துணையோடு இதனைச் செய்யலாம்.

1. வரலாறு

பவேரிய நாட்டுக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1558-ஆம் ஆண்டையொட்டிச் செய்வித்த சிறுவீடே நாம் செய்தி அறிந்த பாவை வீடுகளுள் மிகப் பழையது. 1674-இல் மியூனிக் அரண்மனையில் மூண்ட தீயில் அது அழிந்தது. எனினும் 1598-இல் எழுதப்பட்ட பொருட்பட்டியல் ஒன்றால் அதனுள் இருந்தவற்றை அறிகிறோம். அது குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதன்று. செல்வத்தைக் காட்டும் காட்சிப் பொருளாகவே இருந்தது.

நியூரம்பர்க் நகரில் இதன் போக்கு மாறியது. 1631-இல் அன்னா கோஃபர்லின் என்னும் பெண்மணி ஒரு பாவை வீட்டைச் செய்து மக்கள் பார்வைக்கு வைத்தார். இல்லத்தை எவ்வாறு ஒழுங்குபட நடத்துவது என்று இளையோர் கண்டு கற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதனை விளக்கி ஓர் அச்சுத்தாளும் வெளியிட்டார். அந்நகரத்தில் 1639-இல் செய்யப்பட்ட மற்றொரு வீடு அங்குள்ள ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்நகர மக்களின் அடுக்களையில் எவ்வகைப் பாத்திரங்கள் எங்கே தொங்கின என்பதை ஆய்வாளர் இத்தகைய வீடுகளைக் கொண்டு அறிகின்றனர். உண்மை வீடுகள் இடிந்தன, மாற்றிக் கட்டப்பட்டன. சிறுவீடு மாறாமல் நின்று சான்று கூறுகிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரின் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் அம்மையார் 1686 முதல் 1710 வரை ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு பாவை வீட்டை அமைத்தார். அதற்காக அவர் செலவிட்ட தொகையில் அந்நகரக் கால்வாய்க் கரையில் மெய்யான வீடு ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்பர். அது ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

இங்கிலாந்தின் மேரி அரசியாருக்காக 1921 முதல் 1924 வரை ஒரு வீடு கட்டப்பட்டது. அதன் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் பெருங்கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. பெருமாளிகைக்குக் கோடு வரைந்த அதே கை, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிலும் கோடு வரைந்தது. அவ்வீட்டில் மின்விளக்கு எரியும், குழாயில் நீர் வரும், மின்தூக்கி இயங்கும். நூலகத்தில் அக்கால எழுத்தாளர் பலர் தம் கையால் எழுதித் தந்த குறுநூல்கள் உள்ளன. அதனை விண்ட்சர் கோட்டையில் காணலாம்.

அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ (1878–1962) என்னும் அம்மையார் இக்கலையை முற்றிலும் வேறொரு பணிக்குப் பயன்படுத்தினார். காரணம் விளங்காத மரணங்கள் நிகழ்ந்த அறைகளை 1940-களில் பாவை வீட்டளவில் அமைத்து, காவல்துறையினர்க்குப் பயிற்சி அளித்தார். நாட்காட்டியின் தாள், சாளரத்தின் நிலை, அடுப்பின் மேலிருக்கும் பாத்திரம் என எதனையும் விடாது நோக்கக் கற்பிப்பதே அதன் பயன். அவ்வறைகள் இன்று பால்டிமோர் நகரில் உள்ளன.

இவற்றை ஒப்பிட்டு நோக்கின் பாவை வீடு நான்கு வகையாகப் பயன்பட்டமை விளங்கும்: செல்வத்தைக் காட்ட, இல்லறப் பணியைக் கற்பிக்க, கண்ணைப் பழக்க, ஒரு காலத்தின் வாழ்வைப் பதிவு செய்ய. முதலாவதை நாம் விட்டுவிடலாம். ஏனைய மூன்றும் நமக்குரியன.

2. வாங்கிய வீடும் கட்டிய வீடும்

1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவரும், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியப் பயிற்சி நடத்தியவருமான மரியா மாண்டிசோரி அம்மையார் ஒன்றைக் கண்டு எழுதினார். அழகிய விளையாட்டுப் பொருள்கள் அருகிலிருந்தும் குழந்தைகள் அவற்றை நாடவில்லை. கைக்கும் கருத்துக்கும் வேலை தரும் பொருள்களையே நாடினர்.

கடையில் வாங்கிய பாவை வீட்டுக்கும் இது பொருந்தும். எல்லாம் முடிந்த நிலையில் வரும் வீட்டில் குழந்தைக்குச் செய்ய வேலை இல்லை. அட்டைப்பெட்டியை அறுத்துக் கட்டிய வீட்டிலோ ஒவ்வொரு படியும் ஒரு கேள்வி கேட்கும். படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? கதவு எப்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்காது? ஆதலின் பொருட்செலவைக் குறைத்து, வேலையைக் குழந்தையின் கையில் விடுதல் வேண்டும்.

3. அளவு அறிதல்

உலகெங்கும் பெரும்பான்மையோர் கொள்ளும் அளவு ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அதாவது பன்னிரண்டில் ஒன்று. இடம் குறைவாயின் இருபத்து நான்கில் ஒன்று கொள்வாரும் உளர். அறையைப் 'பத்துக்குப் பத்து' என்று அடிக்கணக்கில் கூறும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் முதல் அளவே நமக்கு எளிது.

மெய்வீட்டில் 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள கதவு, சிறுவீட்டில் 7 அங்குலமும் 3 அங்குலமும் ஆகும். 2 அடி உயரத் திண்ணை 2 அங்குலம். 6 அங்குலப் படி அரை அங்குலம். 18 அங்குல உயர நாற்காலி இருக்கை ஒன்றரை அங்குலம். 9 அங்குல நூல் முக்கால் அங்குலம்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு வியப்பைக் காட்டலாம். நீளம் பன்னிரண்டில் ஒன்றாகும்போது பரப்பு 144-இல் ஒன்றாகும். கொள்ளளவு 1728-இல் ஒன்றாகும். 15 லிட்டர் வாளி சிறுவீட்டில் 9 மில்லி லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும்; சிறுகரண்டியால் இரண்டு கரண்டி நீர். நூலிலுள்ள கனச்சூத்திரம் அப்பொழுதுதான் குழந்தையின் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது.

மற்றொன்றும் கருதுக. சிறுவீட்டில் கால் அங்குலம் பிழைத்தால், மெய்வீட்டுக் கணக்கில் அது மூன்று அங்குலம். அவ்வளவு கோணிய கதவை எந்த வீட்டில் ஏற்போம்? 'சிறிதுதானே' என்று விடும் பழக்கத்தை இவ்வேலை இடமளிக்காது திருத்துகிறது.

4. ஓர் அறை கட்டும் முறை

12 அடி நீளம், 10 அடி ஆழம், 9 அடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் திறந்திருக்கும். கால் அங்குலக் கனமுள்ள அட்டையோ ஒட்டுப்பலகையோ போதும். மெல்லிய அட்டையாயின் இரண்டை ஒட்டிக் கனத்தைக் கூட்டுக.

வெட்ட வேண்டிய துண்டுகள்: தரை 12 × 10 அங்குலம், பின்சுவர் 12 × 9¼, பக்கச்சுவர் இரண்டு, ஒவ்வொன்றும் 10¼ × 9¼, மேல்தளம் 12½ × 10¼. இக்கால் அங்குலங்கள் எங்கிருந்து வந்தன என்று மாணவரையே கேட்க வேண்டும். பின்சுவர் தரையின் பின்னே நிற்கிறது. பக்கச்சுவர்கள் அவ்விரண்டுக்கும் வெளியே நிற்கின்றன. பலகையின் கனம் ஒவ்வோரிடத்தும் சேர்கிறது. கனத்தை மறந்தவர் வீடு பொருந்தாது.

வேலையின் வரிசை முறையே வருமாறு:

முதலில் கதவுக்கும் சாளரத்துக்கும் உரிய இடங்களைக் குறித்து, சுவர்கள் தட்டையாகக் கிடக்கும்போதே வெட்டுக. கத்தியைப் பெரியவரே கையாள வேண்டும். ஓரங்களை உப்புத்தாள் கொண்டு தேய்க்க.

அடுத்து, பசையின்றி ஒருமுறை நிறுத்திப் பார்க்க. மூலையிலிருந்து ஒருபுறம் 3 அங்குலத்திலும் மறுபுறம் 4 அங்குலத்திலும் புள்ளி வைத்து அளந்தால் குறுக்கே 5 அங்குலம் வர வேண்டும். வந்தால் மூலை செங்கோணமாக உள்ளது.

பின்னர்ச் சுவர்களைப் பிரித்து வண்ணம் பூசி உலர விடுக. கட்டிய பின் மூலைகளில் தூரிகை நுழையாது.

இறுதியில் தரையோடு பின்சுவரையும், அதன்பின் பக்கச்சுவர்களையும், கடைசியாக மேல்தளத்தையும் ஒட்டி, நூலால் கட்டி ஓரிரவு அசையாது வைக்க.

5. பொருள் தேர்தல்

முன்னர்க் கூறிய ஊர்ட்மன் அம்மையாரின் வீடு அமைந்த பேழை, ஆமையோடு பதித்து இழைக்கப்பட்டது. பழைய பாவை வீடுகள் பலவற்றில் தந்த வேலைப்பாடும் உண்டு. கலைத்திறனை வியக்கும் நாம், அத்திறனுக்கு எவ்வுயிர் விலையாயிற்று என்பதையும் குழந்தைகட்குச் சொல்லுதல் நன்று. கொல்லாமை போற்றும் நம் இல்லங்களில் செய்யும் வேலைக்கு அவை வேண்டா.

தச்சர்கள் முன்னர்ப் பயன்படுத்திய வச்சிரம், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதனை விலக்கி, வெண்ணிறச் செயற்கைப் பசையைக் கொள்க. மாவுப் பசை குற்றமற்றதாயினும் பூச்சிகளை ஈர்க்கும். பிறகு அவற்றைப் போக்க மயில்துத்தம் போன்ற நஞ்சைக் கலக்க நேரும். பூச்சி வந்தபின் வருந்துவதினும் வாராமற் காப்பது மேல். விலங்கு மயிர்த் தூரிகைக்கு மாற்றாக நைலான் தூரிகை கிடைக்கிறது.

6. அணி செய்தல்

தென்னை ஈர்க்கு சாளரக் கம்பியாகும். அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளிருக்கும் வரிகள் நாட்டு ஓட்டு வரிசையை ஒத்திருக்கும். காவி வண்ணம் பூசி மெழுகுதிரியால் தேய்த்த தாள் சிவப்புச் சிமெண்டுத் தரையாகும். பனையோலைக் கீற்றைப் பின்னிப் பாய் செய்யலாம். களிமண்ணில் பானையும் அடுப்பும் வரும். குன்றிமணி நஞ்சுடையது, அழகாயிருப்பினும் குழந்தைகள் புழங்கும் வேலையில் சேர்க்கற்க. மூன்று வயதுக்குட்பட்ட மழலையர் இருக்கும் வீட்டில் இச்சிறு பொருள்களை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

துணியைப் பற்றி ஒரு சொல். துணியை நாம் சிறிதாக வெட்டலாம். அதன் கனமும் விறைப்பும் சிறிதாகா. ஆகவே புதுத்துணியில் தைத்த திரைச்சீலை பலகைபோல் விறைத்து நிற்கும். பலமுறை துவைத்த மெல்லிய பருத்தித் துணியை நீர்த்த கஞ்சியில் நனைத்து, மடிப்பு மடிப்பாக ஊசி குத்தி உலர்த்தினால் இயல்பாகத் தொங்கும். கட்டமும் பூவும் மிகச் சிறியனவாகவே இருக்க வேண்டும்.

7. எவ்வீட்டைக் கட்டுவது?

படத்தில் கண்ட மாளிகையைக் கட்டுவதினும், நாம் வாழ்ந்த வீட்டைக் கட்டுவதே சிறந்தது. நம் குடும்பங்கள் பல ஊரைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் உடைய பழைய வீடுகள் ஆண்டுதோறும் இடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றை நிறுத்தி வைத்தல் எல்லார்க்கும் இயலாது. அளந்து வைத்தல் இயலும். ஊருக்குச் செல்லும் விடுமுறையில் ஒரு நாடாவும் குறிப்பேடும் கொண்டு சென்று, ஒரு பகற்பொழுதில் ஒரு வீட்டை அளந்துவிடலாம்.

அளக்கும்போது குழந்தை கேட்கும். இந்தக் குழிவான கல் எதற்கு? மாடத்தில் ஏன் கரி படிந்துள்ளது? பானையின் வாயில் ஏன் வடிதுணி கட்டியிருக்கிறது? பகலில் ஆக்கி, பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்து, அடுக்களையைக் கழுவிவிட்ட வாழ்க்கைமுறையை இக்கேள்விகளின் வழியே பாட்டியார் எடுத்துரைப்பார். நூல் படித்து அறிவதினும் அது ஆழமாகப் பதியும். நியூரம்பர்க் அடுக்களையை நானூறு ஆண்டு கழித்து ஆய்வாளர் கண்டறிவது போல, நம் அடுக்களையையும் நம் பேரர் காண வேண்டுமானால், அளக்க வேண்டியது அதைச் சொல்லத்தக்கவர் உடனிருக்கும் இக்காலத்தில்தான்.

பயிற்சி

(அ) உங்கள் வீட்டின் ஒரு கதவு, ஒரு சாளரம், ஒரு மேசை ஆகியவற்றை அளந்து சிறுவீட்டு அளவுக்கு மாற்றி எழுதுக.

(ஆ) மாடியிலுள்ள 1000 லிட்டர் நீர்த்தொட்டி சிறுவீட்டில் எவ்வளவு கொள்ளும்? (விடை: ஏறத்தாழ 579 மில்லி லிட்டர்.)

(இ) அரை அங்குலக் கனமுள்ள பலகை கொண்டு மேற்கூறிய அறையைக் கட்டினால் ஐந்து துண்டுகளின் அளவும் எவ்வாறு மாறும்? (விடை: தரை 12 × 10, பின்சுவர் 12 × 9½, பக்கச்சுவர்கள் 10½ × 9½, மேல்தளம் 13 × 10½.)

(ஈ) உங்கள் பாட்டியார் இளமையில் புழங்கி, இன்று வீட்டில் இல்லாத பொருள்கள் ஐந்தின் பெயரையும் பயனையும் அளவையும் கேட்டெழுதுக. அவற்றுள் ஒன்றைக் களிமண்ணில் செய்க. குறிப்பேட்டில் வீட்டின் ஊரும், அளந்த நாளும், சொன்னவர் பெயரும் தவறாது இடம்பெற வேண்டும்.